டேப்பிலிருந்து தொடங்குங்கள்: வடசென்னையில் இண்டீரியர் டிசைனர் ஆக விரும்புகிறவர்களுக்கு

இண்டீரியர் வேலை கற்க வருகிறவர்களில் பலர் லேப்டாப்போடுதான் வருகிறார்கள். திரையில் முப்பரிமாணப் படம் பளபளவென்று இருக்கும். சோபாவுக்குப் பின்னால் தொட்டிச் செடிகூட நிற்கும். அந்த ஹாலின் அளவைக் கேட்டால், "ஏறக்குறைய பத்துக்குப் பன்னிரண்டு சார்" என்பார்கள். பீரோ ஏறக்குறைய நிற்காது. ஒன்று நிற்கும், இல்லையென்றால் கதவை இடிக்கும்.

அதனால் இந்த வழிகாட்டி படத்தில் தொடங்கவில்லை. அளவு, பொருள், ஆள், பணம் என்ற வரிசையில் போகிறது. படம் நடுவில் ஓரிடத்தில் வரும்.

முதல் படி: படிப்பை முடிவு செய்யுங்கள், அதிலேயே தேங்காதீர்கள்

இண்டீரியர் டிசைனர் என்று போர்டு மாட்ட நம் நாட்டில் தனி உரிமம் கிடையாது. ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள மட்டும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு வேண்டும். அது இல்லாமல் அந்தப் பட்டத்தை விசிட்டிங் கார்டில் அச்சடிக்க வேண்டாம்.

பிளஸ் டூ முடித்த கையோடு வருகிறீர்கள், ஐந்து வருடம் படிக்க வீட்டில் வசதியும் இருக்கிறது என்றால் பி.ஆர்க். நல்லது. வீட்டு உள்வேலையோடு நிற்காமல் கட்டடத்தையே தொடலாம். அது முடியாதவர்களுக்கு இண்டீரியரில் பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐ.டி.ஐ.யின் ஓராண்டுப் பயிற்சி என்று பல வாசல்கள் உண்டு. ஏற்கெனவே வேலையில் இருக்கும் இருபத்தைந்து, முப்பது வயதுக்காரருக்கு மாலை நேர டிப்ளமோவும் ஞாயிற்றுக்கிழமை சைட்டும் போதும் என்பது என் கருத்து.

தனியார் நிறுவனத்தில் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை: சைட்டுக்கு எத்தனை முறை கூட்டிப்போவீர்கள்? எஸ்டிமேட் போடக் கற்றுத்தருவீர்களா? ஆசாரி கையில் கொடுக்கும் ஒர்க்கிங் டிராயிங் போட வைப்பீர்களா? மூன்றுக்கும் பதில் மழுப்பலாக வந்தால் அங்கே கற்றுத்தருவது சாஃப்ட்வேர் மட்டுமே. அதை வீட்டிலிருந்தே கற்றுக்கொள்ளலாம். 1972-இல் தொடங்கிய இந்திய இண்டீரியர் டிசைனர்கள் நிறுவனத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. மாணவராக இருக்கும்போதே அதன் கூட்டங்களில் தலைகாட்டுவது நல்லது. பொருள் விற்கிற கம்பெனிகளும் அங்கே வரும்.

இரண்டாம் படி: உறவினர் வீடுகளை அளந்து பழகுங்கள்

5 மீட்டர் டேப், ரசமட்டம், மூலைமட்டம், கோடு போட்ட நோட்டு, பென்சில். இவ்வளவுதான் முதலீடு. லேசர் மீட்டரைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். தொண்டையார்பேட்டை அத்தை வீடு, கொளத்தூர் சித்தப்பா வீடு என்று கிடைத்த வீட்டையெல்லாம் அளந்து, அன்றிரவே படமாகப் போட்டுப் பாருங்கள். படம் மூடாது. நான்கு சுவரும் சேர வேண்டிய மூலையில் ஓரிரு அங்குலம் இடிக்கும். நீங்கள் தப்பாக அளந்திருக்கலாம். சுவரே கோணலாக இருக்கவும் வாய்ப்புண்டு. பழைய வீடுகளில் பெரும்பாலும் சுவர்தான் குற்றவாளி. ஒவ்வொரு அறைக்கும் மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டும் எடுத்தால் இது தெரிந்துவிடும். அகலத்தைத் தரையில், இடுப்புயரத்தில், தலைக்கு மேல் என்று மூன்று இடத்தில் எடுங்கள். கப்போர்டுக்குக் குறைந்த அளவுதான் கணக்கு.

சுவரைத் தவிர அளக்க வேண்டியது நிறைய. பீமின் அடிமட்டம் தரையிலிருந்து எவ்வளவு, ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது, சுவிட்ச் போர்டு எங்கே, சிங்க் தண்ணீர் எந்த வழியாக வெளியேறுகிறது, ஏ.சி. பைப் எங்கே ஓடும் என்பதெல்லாம் நோட்டில் வரவேண்டும். சுவரைத் தட்டியும் பாருங்கள். இப்போது எழும்பும் அடுக்குமாடிகள் சிலவற்றில் அலுமினிய ஷட்டரிங் போட்டுச் சுவர் முழுவதையும் கான்கிரீட்டாகவே வார்த்துவிடுகிறார்கள். அங்கே சுவரைக் கொத்தி ஒயர் இழுக்கலாம் என்ற திட்டமே செல்லாது.

வடசென்னைக்கென்று கூடுதலாக ஓர் அளவு உண்டு: மாடிப்படி. வண்ணாரப்பேட்டை, ராயபுரம் சந்துகளில் ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளில் படி ஒரு ஆள் ஏறும் அகலம்தான் இருக்கும், நடுவில் ஒரு திருப்பம் வேறு. எட்டுக்கு நாலு அடி பிளைவுட் ஷீட் அதில் திரும்பாது. பால்கனி வழியாகக் கயிறு கட்டித் தூக்க முடியுமா, குறுக்கே மின்கம்பி போகிறதா, இல்லை கடையிலேயே வெட்டி எடுத்து வர வேண்டுமா என்பதை அளக்கப் போன அன்றே முடிவு செய்ய வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் கொட்டேஷன் கொடுத்தால் ஏற்றுகூலியில் லாபம் கரையும்.

மூன்றாம் படி: கடைத்தெருவில் ஒரு மாதம்

தென்சென்னையில் தொழில் தொடங்குகிறவருக்குக் கிடைக்காத வசதி நமக்கு இருக்கிறது. மொத்தச் சந்தை நம் வாசலிலேயே கிடக்கிறது. சென்ட்ரலில் இறங்கினால் வால்டாக்ஸ் ரோடு, அந்தப் பக்கம் பெரியமேடு சைடன்ஹாம்ஸ் ரோடு. பிளைவுட்டும் அதன்மேல் ஒட்டும் மைக்காத் தகடும் அங்கே. மண்ணடியில் இறங்கினால் செம்புதாஸ் தெரு, லிங்கி செட்டி தெரு. இரும்பு, பைப், ஹார்டுவேர், கருவி எல்லாம் அங்கே. மரத்துக்கு ஜி.என்.டி. ரோட்டில் மாதவரம் தாண்டிச் செங்குன்றம் வரை அறுவை மில்கள் உண்டு. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டுவிட்டதால், திருவொற்றியூர் வாடிக்கையாளரைக் காலையில் கூட்டிவந்து மைக்கா தேர்வு செய்யவைத்து, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் விட்டுவிடலாம்.

வாங்குகிற பாவனை வேண்டாம். "கத்துக்க வந்திருக்கேன் அண்ணே" என்று நேராகச் சொல்லுங்கள். கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் எந்தக் கடைக்காரரும் சொல்லித்தருவார். நாளைக்கு நீங்கள் சரக்கெடுக்க வருவீர்கள் என்பது அவருக்கும் தெரியும்.

பிளைவுட்டில் கற்க வேண்டியது முதலில் முத்திரை. ஐ.எஸ். என்பது இந்தியத் தர எண். ஐ.எஸ். 303 சாதாரணப் பயன்பாட்டுக்கு. அதிலேயே எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர். என்று இரண்டு ரகம். எம்.ஆர். ஈரக்காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. பி.டபிள்யூ.ஆர். அதற்கு ஒரு படி மேல். ஐ.எஸ். 710 என்பது மரைன் ரகம். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் பசை விடக்கூடாது என்பது அதன் சோதனை. ஷீட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு உரிம எண்ணும் அச்சாகியிருக்கும். அந்த எண்ணைத் தரநிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடைய உரிமம், இன்னும் செல்லுபடியாகிறதா என்று காட்டும். '710' என்று மட்டும் ரப்பர் ஸ்டாம்ப் குத்திய சரக்கும் சந்தையில் உலவுகிறது. சந்தேகம் என்றால் ஒரு துண்டை வாங்கிவந்து அடுப்பில் கொதிக்கவிடுங்கள். போலி என்றால் அடுக்கடுக்காகப் பிரிந்து அதுவே சொல்லிவிடும்.

கனத்தையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கப்போர்டின் கூட்டுக்கு, அதாவது கதவு மாட்டும் பெட்டிக்கு 18 எம்.எம்., பின்பலகைக்கு 6 எம்.எம்., வெளிப்பக்க மைக்கா 1 எம்.எம்., உள்ளே அதைவிட மெல்லியது.

கணக்கு: ஒரு கப்போர்டுக்கு எத்தனை ஷீட்?

புதிதாக வருகிறவர்கள் வழுக்குவது இங்கேதான். ஆறடி அகலம், ஏழடி உயரம், இரண்டடி ஆழத்தில் ஒரு கப்போர்டு. நடுவில் ஒரு தடுப்பு, மூன்றடி அகலத்தில் ஆறு தட்டு, நான்கு கதவு.

பக்கப் பலகை இரண்டும் தடுப்பும் சேர்த்து 42 சதுரடி. மேலும் கீழும் 24. தட்டுகள் 36. கதவுகள் 42. மொத்தம் 144 சதுரடி. ஒரு ஷீட் 32 சதுரடி என்பதால் நாலரை ஷீட் வருகிறது. ஐந்து வாங்கினால் தாராளம் என்று தோன்றும்.

இனி வெட்டிப் பாருங்கள். ஏழுக்கு இரண்டடிப் பலகை ஒரு ஷீட்டில் இரண்டுதான் வரும். மூன்றாவது பலகையை அடுத்த ஷீட்டில் எடுத்தால் மிச்சத்தில் இரண்டு தட்டு கிடைக்கும். மேல்பலகை, கீழ்ப்பலகைக்கு ஒரு ஷீட், அதன் மிச்சத்தில் ஒரு தட்டு. மீதி மூன்று தட்டுக்கு இன்னொரு ஷீட். ஒன்றரை அடிக் கதவு ஒரு ஷீட்டில் இரண்டு வீதம் நான்கு கதவுக்கு இரண்டு ஷீட். ஆக ஆறு. கணக்கில் ஐந்து போட்டிருந்தால் ஆறாவது ஷீட் உங்கள் பாக்கெட்டிலிருந்து போகும். பின்பலகையின் 6 எம்.எம். ஷீட் இரண்டு இதில் சேராது. ரம்பமும் ஒவ்வொரு வெட்டிலும் மூன்று நான்கு எம்.எம். தின்னும். ஆகவே இரண்டடி என்று சொல்லும் ஆழம் கையில் வரும்போது இரண்டடிக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். இந்த வெட்டுப்படத்தை ஒவ்வொரு வேலைக்கும் கையால் போட்டுப் பழகுங்கள். மிச்சத் துண்டு எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரிந்தால் டிராயரை அதிலேயே முடித்துவிடலாம்.

நான்காம் படி: ஆசாரிகளிடம் உட்காருங்கள்

ஆறு மாதமாவது யாருடைய சைட்டிலாவது மேற்பார்வைக்கு நில்லுங்கள். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். உள்ளூர் ஆசாரிகளோடு ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த தச்சர்களும் இங்கே நிறைய. கொஞ்சம் இந்தி பேசத் தெரிந்தால் வேலை ஓடும். ஹோலிக்கு ஊருக்குப் போகிறவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று முன்பே கேட்டுக்கொண்டால் வாடிக்கையாளரிடம் சொன்ன தேதி பிழைக்கும்.

பெண்கள் ஒன்றைக் கூச்சமில்லாமல் முதல் நாளே பேசிவிடுங்கள்: சைட்டில் கழிப்பறை எது, சாவி யாரிடம். புது அடுக்குமாடியில் தண்ணீர் இணைப்பே வந்திருக்காது.

எலக்ட்ரீஷியன் ஒயர் இழுக்கும் முன் கப்போர்டு எங்கே வருகிறது என்று சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட வேண்டும். வேலை வரிசை என்று ஒன்று உண்டு: இடிப்பு, கொத்தனார், பிளம்பர் பைப், ஒயரிங், டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், பட்டி, ஒரு கோட்டு பெயிண்ட், மரவேலை, கடைசிக் கோட்டு, பிறகு லைட். இந்த வரிசை குழம்பிய சைட்டில் எல்லாரும் ஒருவர் செய்ததை ஒருவர் உடைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஐந்தாம் படி: இப்போது படம்

ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் இரண்டும் போதும். ஸ்கெட்ச்அப்புக்கு பிரவுசரில் ஓடும் இலவச வடிவம் உண்டு. வாடிக்கையாளருக்குக் காட்டும் வண்ணப்படம் வேலையை வாங்கித் தரும். ஆசாரிக்குக் கொடுக்கும் கறுப்பு வெள்ளைப் படம்தான் வேலையை முடிக்கும். அதில் வெளி அளவு, உள் அளவு, கீல் வரும் பக்கம், கைப்பிடி உயரம், மைக்கா எண், பிளக் பாயின்ட் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். அளவை எம்.எம்.மில் போடுங்கள். பேச்சில் அடி, அங்குலம் புழங்கட்டும், தாளில் ஒரே அலகுதான்.

ஆறாம் படி: இந்த ஊர் வீடுகளைப் புரிந்துகொள்ளுங்கள்

படத்தில் வரும் வெள்ளை வெளேர் கிச்சனைக் காட்டினால் வியாசர்பாடி அக்கா ஒரே கேள்வி கேட்பார்: "எல்லாம் நல்லாத்தான் கீது தம்பி, குடம் எங்க வெக்கிறது?" நியாயமான கேள்வி. லாரித் தண்ணீரோ மெட்ரோ வாட்டரோ, குடத்தில் பிடித்து வைக்கும் பழக்கம் இங்கே போகவில்லை. மேடைக்கு அடியில் ஒரு பக்கத்தைக் கதவே இல்லாமல் விடுங்கள். தரை டைல்ஸை உள்ளேயும் ஓட்டி, லேசாகச் சரிவு கொடுத்தால் சிந்தும் தண்ணீர் வெளியே வந்துவிடும். சிலிண்டரை மூடிய கப்போர்டுக்குள் அடைப்பதாக இருந்தால் கதவின் கீழ்ப்பகுதியில் காற்றுத் துளை கட்டாயம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். மேடை உயரத்துக்கு 34 அங்குலம் என்று எல்லா வீட்டுக்கும் ஒரே எண்ணைப் போடாதீர்கள். சமைக்கிறவர் நின்று முழங்கையை மடக்கும் உயரத்திலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே வந்தால் அவருக்கு முதுகு வலிக்காது. யார் சமைக்கிறார் என்று கேட்டுவிட்டு அளவெடுங்கள். சில வீடுகளில் அது ஐயாதான்.

ஸ்டீல் பீரோவைத் தூக்கிப்போடச் சொல்லிப் போராட வேண்டாம். அது அம்மாவின் சீர். அதற்கும் சேர்த்து இடம் விட்டு, பக்கத்துக் கப்போர்டை அதே உயரத்தில் முடித்தால் பார்க்க ஒன்றாகத் தெரியும். கேரம் போர்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆடும் பரப்பே 74 செ.மீ., சட்டத்தோடு மூன்றடியை நெருங்கும். உலக சாம்பியன்களைக் கொடுத்த ஊரில் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளுவது அழகில்லை. கப்போர்டுக்கும் சுவருக்கும் நடுவே நான்கு அங்குலம் விட்டால் நின்றுகொள்ளும்.

அடுத்தது உப்புக்காற்று. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் சாதாரணக் கீல் சீக்கிரமே துருவேறும். 304 ரக எவர்சில்வர் ஹார்டுவேர் கேளுங்கள். 202 ரகம் பார்க்க அப்படியே இருக்கும், விலை குறையும், கடலோரத்தில் கறைபடியும். காந்தம் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது, பெரும்பாலும் இரண்டிலும் ஒட்டாது. பில்லில் ரகத்தை எழுதி வாங்குவதுதான் வழி. ஓதம் ஏறிய சுவரில் கப்போர்டை அறைவதற்கு முன் வெளிச்சுவரைச் சரிசெய்ய வைக்க வேண்டும். வால்பேப்பர் ஒட்டி மறைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பிறகு வெள்ளம். 2015 டிசம்பர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். தாழ்வான தெருவில் கீழ்வீடு என்றால் பழைய தண்ணீர்க்கோடு எது வரை வந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள், சுவரிலேயே அடையாளம் இருக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே மரத்தூளையும் மரநாரையும் அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். கூடவே கூடாது. கடப்பா அல்லது கிரானைட் தடுப்புகளில் கூட்டை அமைத்துக் கதவை மட்டும் மரைன் பிளையில் போடுவது என் வழக்கம். பிளக் பாயின்ட்டையும் மேலே ஏற்றுங்கள். நம் தாத்தா பாட்டி வீட்டு சமையலறையின் கடப்பா அலமாரிக்கு இந்த ஊரில் காரணம் இருந்தது.

ஏழாம் படி: கடை, கிளினிக், டியூஷன் சென்டர்

வீட்டு வேலையில் பத்துக் கலந்துரையாடல், கடை வேலையில் ஒன்று. கடைக்காரர் கேட்பது திறக்கும் தேதி மட்டுமே. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடை பகலில் மூடாது. இரவு வேலைக்கான கூலியை முதலிலேயே சேர்த்துவிடுங்கள். சரக்கு வண்டி எந்த நேரத்தில் தெருவுக்குள் வரலாம் என்றும் விசாரியுங்கள்.

துணிக்கடைக்கு வெளிச்சம்தான் பாதி டிசைன். 6500 கெல்வின் வெள்ளை லைட்டில் பட்டுப்புடவை வெளுத்துத் தெரியும், 4000 பக்கம் வந்தால் நிறம் நிற்கும். நிறத்தைச் சரியாகக் காட்டும் சி.ஆர்.ஐ. எண் 90-க்கு மேல் உள்ள பல்பைக் கேளுங்கள். கிளினிக்குக்குச் சாய்தளம் போடும்போது ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு: ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். நம் தெருக்களில் அந்த நீளம் வாசலுக்கு வெளியே கிடைக்காது, உள்ளே திருப்பிக் கொண்டுவர வேண்டும். நடைபாதையிலோ கால்வாய் மேலோ நீட்டினால் மாநகராட்சி இடித்துவிட்டுப் போகும். வீட்டு மின் இணைப்பில் கடை நடத்தப் போகிறார்கள் என்றால் வணிக இணைப்புக்கு மாற்றவும், ஏ.சி.க்கு லோடு கூட்டவும் முன்பே சொல்லிவிடுங்கள். கட்டணமும் வேறு, காத்திருக்கும் நாட்களும் வேறு. டியூஷன் சென்டரில் வெளியேறும் வழியை ஒருபோதும் அலமாரி வைத்துக் குறுக்காதீர்கள், உரிமையாளர் எவ்வளவு கெஞ்சினாலும்.

எட்டாம் படி: பணம்

டிசைன் கட்டணத்தைத் தனியாகச் சொல்லிப் பழகுங்கள். "டிசைன் ஃப்ரீ, வேலை எங்களுக்குக் குடுங்க" என்று ஆரம்பித்தால், உங்கள் படத்தை வாங்கிக்கொண்டு பக்கத்துத் தெரு கான்ட்ராக்டரிடம் செய்துகொள்வார்கள். அளவெடுத்து, முதல் பிளான் கொடுக்கும்போதே ஒரு தொகை வாங்குங்கள். சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை.

கொட்டேஷனில் சதுரடி விலையை மட்டும் எழுதாமல், முன்பக்கச் சதுரடியா, உள்பரப்பும் சேர்த்தா, எந்த பிளை, எந்த மைக்கா, கீல் என்ன ரகம், எத்தனை டிராயர் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். சண்டைகளில் பெரும்பாலானவை இங்கே எழுதாமல் விட்டதில்தான் பிறக்கும். பணத்தை நான்கு கட்டமாகப் பிரியுங்கள்: ஒப்பந்தத்தில், சரக்கு இறங்கும்போது, கூடு நின்றதும், ஒப்படைக்கும்போது. கடைசிக் கட்டம் பத்து சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். அந்தப் பணம் வருவது கஷ்டம்.

கடைக்காரர் கமிஷன் தருவார். இந்தத் தொழிலில் அது ஊரறிந்த ரகசியம். என் வழி: பில்லை வாடிக்கையாளர் பெயரிலேயே போடச் சொல்லி, எனக்கு வரும் தள்ளுபடியை அவரிடமே காட்டிவிடுவது. அதற்கு ஏற்பக் கட்டணத்தைக் கூட்டிக் கேட்டால் கொடுக்கிறார்கள். வேறு மாதிரி செய்கிறவர்களும் நன்றாகத்தான் சம்பாதிக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் தெருவில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தமாக இருக்கும் ஊரில் அது வெளியே வராமல் இருக்காது.

சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு, வரி 18 சதவீதம். வருமான வரிச் சட்டம் இண்டீரியர் டெக்கரேஷனை மருத்துவம், வக்கீல் தொழில்களோடு ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது. ஆகவே சிறிய அளவில் செய்கிறவர்கள் வரவில் பாதியை லாபமாகக் காட்டி எளிதாகக் கணக்கை முடிக்கும் வழியைப் பற்றி ஆடிட்டரிடம் கேளுங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் இணையதளம் அரசுடையது இல்லை.

ஒன்பதாம் படி: வேலை எங்கிருந்து வரும்

முதல் இரண்டு வேலை சொந்தக்காரர் வீட்டில் வரும். சும்மா செய்யாதீர்கள். கூலியும் சரக்கும் அவர்களது, உங்கள் கட்டணத்தில் வேண்டுமானால் பாதி விட்டுக்கொடுங்கள். முடிந்ததும் பகல் வெளிச்சத்தில், சாமான்கள் அடுக்கிய பிறகு போட்டோ எடுங்கள். குடமும் மிக்சியும் தெரிகிற படத்தைப் பார்த்துத்தான் அடுத்த வீட்டு அக்கா போன் செய்வார்.

பெரம்பூர், மாதவரம், கொளத்தூர் பக்கம் புது அடுக்குமாடி முடியும்போது ஒரு வீட்டை நன்றாகச் செய்தால் அதே பிளாக்கில் அடுத்தடுத்து வரும், அளவுகளும் ஒன்றேதான். குடியிருப்போர் சங்கத்தின் வேலை நேரத்தையும் லிஃப்ட் விதியையும் மதித்து நடந்துகொள்ளுங்கள். இடிபாட்டை மூட்டை கட்டி வாசலில் போட்டுவிட்டுப் போவது தொழிலுக்கே கெட்ட பெயர். மாநகராட்சிக்குக் கொடுங்கையூரில் கட்டடக் கழிவு மறுசுழற்சி நிலையம் இருக்கிறது. கொண்டு சேர்க்கும் வண்டி வாடகையைக் கொட்டேஷனில் ஒரு வரியாகப் போடுங்கள்.

தை, சித்திரை, ஆவணியில் கிரகப்பிரவேசமும் கடைத் திறப்பும் குவியும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன் பெயிண்டர் கிடைக்கமாட்டார். ஆடியில் போன் அடிக்காது, மார்கழியிலும் அப்படித்தான். அந்த மாதங்களுக்கான வீட்டுச் செலவைத் தையிலேயே எடுத்து வையுங்கள். ஆடியில் முன்பு செய்து கொடுத்த வீடுகளுக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு போய், தொங்கிப்போன கதவின் கீலைத் திருகிச் சரிசெய்து கொடுங்கள். எந்த மைக்கா கிளம்பியிருக்கிறது, டிராயர் ஓடும் எந்த சேனல் உப்புப் பிடித்திருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த கொட்டேஷனில் எந்த பிராண்டை எழுதக்கூடாது என்பது அந்த நோட்டில் இருக்கும்.